ஃபிராக்டல் ஓவியர்கள் ஏன் சண்டை பிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்து பேர் கூடுவோம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவர், ஒரு சித்திர ஆசிரியை, அச்சகத்தில் டிசைன் செய்யும் தம்பி ஒருவர், நான். எல்லோருக்கும் ஃபிராக்டல் பைத்தியம். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு மாதம் படம் செய்வது எப்படி என்று மட்டும் கேட்பார்கள். வெளிநாட்டு ஓவியர்களோடு இணையத்தில் பழகத் தொடங்கியதும் கேள்விகள் மாறிவிடும். "அண்ணா, இவர்கள் ஏன் இப்படி அடிபடுகிறார்கள்? நான் எந்தப் பக்கம்?" அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், ஃபிராக்டல் என்றால் என்ன?

ஒரு பூக்கோவாவில் ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். அது முழுப் பூக்கோவாவின் சின்ன உருவம். அதில் ஒன்றைக் கிள்ளினால் அதுவும் அப்படியே. பூக்கோவா நாலைந்து கிள்ளலில் முடிந்துவிடும், கணித ஃபிராக்டல் முடியாது. பெரிதாக்கப் பெரிதாக்க விவரம் வந்துகொண்டே இருக்கும். 1975இல் இந்தப் பெயரை வைத்தவர் பெனுவா மண்டல்புரோ. அதற்கு முன்பே, 1967இல், பிரித்தானியாவின் கரையோரம் எவ்வளவு நீளம் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அளவுகோல் சிறிதாகச் சிறிதாகக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். நம் கடனீரேரிக் கரையை அராலியிலிருந்து நாவற்குழி வரை வரைபடத்தில் நூல் வைத்து அளந்தால் ஒரு கணக்கு வரும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இறங்கி நடந்து அளந்தால் வேறு கணக்கு.

நாம் அதிகம் பார்க்கும் மண்டல்புரோ கணத்தின் சமன்பாடு மிகச் சின்னது. ஓர் எண்ணை வர்க்கமாக்கி, ஒரு நிலையான எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த விடையைத் திரும்ப வர்க்கமாக்கி, திரும்பக் கூட்ட வேண்டும். எல்லாம் சிக்கலெண்கள், அதாவது ஒவ்வொன்றும் தளத்தில் ஒரு புள்ளி. அந்த நிலையான எண்தான் நாம் நிறம் கொடுக்கப்போகும் புள்ளி. விடையின் பருமன் 2ஐத் தாண்டினால் அது தப்பி ஓடிவிட்டது என்று அர்த்தம். எத்தனையாவது சுற்றில் தப்பியது என்பதைப் பார்த்து அந்தப் புள்ளிக்கு நிறம் கொடுக்கிறோம். தப்பாமல் உள்ளே கிடந்து சுற்றுபவை வழக்கமாகக் கறுப்பு.

கணினிதானே வரைகிறது? இதில் ஓவியருக்கு என்ன வேலை?

வெளியிலிருந்து வருகிற கேள்வி இது. சரியாகச் சொன்னால் உள்வீட்டுச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

போன மாரியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே இடத்தைக் கொடுத்தேன். மண்டல்புரோ கணத்தின் பெரிய இதய உருவமும் அதன் இடப்பக்க வட்டமும் சேரும் இடுக்கு. கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்று உலகம் முழுக்கச் சொல்கிற இடம். இருவருக்கும் ஒரே சமன்பாடு, ஒரே மென்பொருள், ஒரு கிழமை அவகாசம். ஒருவர் ஒரு கடற்குதிரையின் வாலுக்குள் போய், அந்தச் சுருளின் நடுவில் இருக்கும் குட்டி மண்டல்புரோவைப் படத்தின் மத்தியில் வைத்து, நீலமும் பொன்னும் பூசிக்கொண்டு வந்தார். ஆயிரம் பேர் செய்த படம். மற்றவர் சுருளையே விட்டுவிட்டார். இரண்டு வால்களுக்கு நடுவில் ஒன்றுமே நடக்காதது போல் தெரியும் ஒரு வெளியைப் பிடித்து, ஓரத்தில் மட்டும் நரம்பு நரம்பாக வரும்படி சட்டம் போட்டார். நிறத்துக்குப் பனம்பழத்தை மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார். வெளித்தோலின் கறுப்பு, காம்புப் பக்கத்து மண்நிறம், பிசைந்தால் வரும் அந்தச் செம்மஞ்சள். படத்தைக் கண்டதும் சித்திர ஆசிரியை எழும்பிக் கிட்டப் போய் நின்றார்.

இரண்டையும் கணினிதான் கணித்தது. எங்கே நிற்பது, எதை வெட்டுவது, எந்த நிறம் எங்கே மாறுவது, எப்போது போதும் என்பது, இந்த நாலும் மனிதரின் வேலை. அமெரிக்க ஃபிராக்டல் ஓவியர் கெரி மிட்செல் 1999இல் ஒரு கொள்கை அறிக்கை எழுதினார். ஃபிராக்டல் ஓவியம் தற்செயலாக வருவதல்ல, கணினி தானே செய்துவிடுவதுமல்ல என்பது அதில் அவர் அழுத்திச் சொன்ன விஷயம். அந்த அறிக்கையை வேதமாக எடுத்தவர்களும் உண்டு, அது ஒரு தற்காப்பு வாதம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. நான் முதல் கூட்டம்.

இந்தச் சண்டைகள் இணையம் வந்த பிறகு வந்தவையா?

இல்லை. ஒரு படம்கூட இல்லாத காலத்திலேயே தொடங்கியாயிற்று.

1915இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1918க்கான பெரிய கணிதப் பரிசு ஒன்றை அறிவித்தது. ஒரு சார்பைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் என்ன நடக்கும் என்பது அதன் தலைப்பு. அந்த விஷயத்தில் இரண்டு பேர் மும்முரமாக வேலை செய்தார்கள். ஒருவர் காஸ்தோன் ஜூலியா. முதல் உலகப்போரில் மூக்கை இழந்து, முகத்தில் தோல்பட்டி கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். மற்றவர் பியர் ஃபாத்து, பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1917 டிசம்பரில் ஃபாத்து தன் முடிவுகளைச் சுருக்கமாக வெளியிட்டார். உடனே ஜூலியா, தான் முன்பே முத்திரையிட்டுக் கழகத்தில் ஒப்படைத்திருந்த உறைகளைத் திறந்து பார்க்கச் சொன்னார். முதலில் கண்டவர் நான்தான் என்பது வாதம். பரிசு ஜூலியாவுக்குப் போனது. இன்று நாம் வரையும் கணங்களில் ஒன்றுக்கு ஜூலியாவின் பெயர், இன்னொன்றுக்கு ஃபாத்துவின் பெயர்.

மண்டல்புரோ கணத்துக்கும் அதே கதை. 1978இல் புரூக்ஸ், மடெல்ஸ்கி என்ற இருவர் அதன் கரடுமுரடான படமொன்றை அச்சுப்பொறியில் நட்சத்திரக் குறிகளால் எடுத்துவிட்டார்கள். மண்டல்புரோ ஐபிஎம் கணினி நிறுவனத்தில் அதைப் பார்த்தது 1980இல். அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் துவாதி, ஹபார்ட் என்ற வேறு இரண்டு கணிதவியலாளர்கள். யார் கண்டுபிடித்தது என்று பல வருடம் கதைத்தார்கள். ஆக, "இது முதலில் என்னுடையது" என்ற சண்டை இந்தக் கலைக்குப் பிறவியிலேயே ஒட்டி வந்தது.

ஒரே லேயர்தான் உண்மையான ஃபிராக்டல் என்கிறார்களே?

அல்ட்ரா ஃபிராக்டல் என்ற மென்பொருள் லேயர்களைக் கொண்டுவந்த பிறகு கிளம்பிய விவாதம். ஒரு ஃபிராக்டலுக்கு மேல் இன்னொன்றை அடுக்கி, முகமூடி போட்டு மறைத்து, ஒளியைக் கலந்து, ஐம்பது லேயரில்கூடப் படம் செய்யலாம் என்று ஆனது. ஒரு சாரார் இதுதான் ஓவியம் என்றார்கள். மற்றச் சாரார், கணிதம் தந்ததைக் காட்டாமல் அதன் மேல் அலங்காரம் பண்ணுகிறீர்கள் என்றார்கள். இதோடு போட்டோஷொப்பில் திருத்தலாமா என்ற சண்டையும் சேர்ந்துகொண்டது.

சாத்துப்படி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். சில கோயில்களில் சுவாமியின் முகம் தவிர ஒன்றுமே தெரியாதபடி பூவால் மூடுவார்கள். சில இடங்களில் ஒற்றை மாலைதான். இரண்டுக்கு முன்னாலும் கண்ணீர் விடுபவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. லேயரை எடுத்துவிட்டால் படம் விழுந்துவிடுகிறதா? விழுந்தால் அந்த லேயர் தேவை. விழாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

மற்றவருடைய பாராமீட்டரை எடுத்து மாற்றினால் அது திருட்டா?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேரைப் புண்படுத்தியதும் இதுதான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஃபிராக்டல் படம் என்பது உண்மையில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. எந்தச் சமன்பாடு, எந்த இடம், எத்தனை மடங்கு பெருக்கம், நிறங்களின் வரிசை, எல்லாம் அதில் எண்களாக இருக்கும். இவற்றைத்தான் பாராமீட்டர் என்கிறோம். அந்தக் கோப்பை யாரிடம் கொடுத்தாலும் அதே மென்பொருளில் அதே படம் வரும். எண்ணெய் வண்ண ஓவியர் ஒருவரால் தன் கையை இன்னொருவருக்குக் கழற்றிக் கொடுக்க முடியாது. நம்மால் முடியும். அதனால்தான் இந்தக் கலை இவ்வளவு வேகமாக வளர்ந்தது, அதனால்தான் இவ்வளவு மனக்கசப்பும்.

ஆரம்பத்தில் எல்லாம் பொதுச் சொத்து. 1988இல் பேர்ட் டைலர் தொடங்கிய ஃபிராக்ட்இண்ட் மென்பொருளை வளர்த்தவர்கள் தங்களைக் கல் சூப்புக் குழு என்று அழைத்துக்கொண்டார்கள். வெறும் கல்லோடு தொடங்கிய சூப்பில் ஊரார் ஒவ்வொருவரும் ஒரு காயைப் போட்டு முழுச் சாப்பாடாக்கிய பழைய கதை அது. மென்பொருளும் இலவசம், பாராமீட்டரும் இலவசம். பிறகு படங்களை அச்சிட்டு விற்கலாம், பெயர் எடுக்கலாம் என்று வந்தது. கதவுகள் மெல்லச் சாத்தப்பட்டன.

2013இல் நான் செய்ததைச் சொல்கிறேன். அபோஃபிஸிஸ் என்ற மென்பொருளில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் பகிர்ந்திருந்த, சுடர் என்ற ஃபிராக்டல் வகைக் கோப்பை எடுத்தேன். நிறவரிசையை மாற்றினேன், படத்தை நாற்பது பாகை திருப்பினேன், சுடரை உருவாக்கும் விதிகளில் (டிரான்ஸ்ஃபோர்ம்) ஒன்றின் எடையைக் குறைத்தேன். என் பெயரில் போட்டேன். எனக்கு அது என் படமாகவே தெரிந்தது, ஏனென்றால் இரண்டு இரவு அதோடு இருந்திருக்கிறேன். நாலாம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கோபமான ஒரு சொல்கூட இல்லை. "இடப்பக்கச் சுருளின் மூன்றாவது கை நுனியில் ஒடிந்திருக்கிறது பாருங்கள். அது நான் திருத்த மறந்த இடம்" என்று மட்டும் எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒடிந்துதான் இருந்தது. அவருடைய பிழை என் பெயருக்குக் கீழே அப்படியே இருந்தது.

மன்னிப்புக் கேட்டு, பெயர் போட்டுத் திருத்தினேன். பதிலுக்கு அவர் தன் கோப்பு யார் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு பட்டியல் அனுப்பினார். அவருக்கு முன்னால் ஐந்து பேர். அந்தப் பட்டியலை அச்சிட்டு என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் வழக்கம் அதிலிருந்து வந்தது. எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், கொடுத்தவர் சம்மதித்தால். எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. எத்தனை வீதம் மாற்றினால் என்னுடையது என்று சிலர் கேட்பார்கள். அதற்கு எண் கிடையாது. பெயரைச் சொல்ல மனம் தயங்குகிறது என்றால் இன்னும் அது உங்களுடையதாக ஆகவில்லை.

மென்பொருளைத் திறந்ததும் வரும் படத்தையே போடுகிறார்களே, அது ஓவியமா?

அபோஃபிஸிஸைத் திறந்தால் தற்செயலாக உருவான சுடர்கள் ஒரு வரிசையாக வந்து நிற்கும். சுடர் என்ற இந்த வகையை 1992இல் உருவாக்கியவர் ஸ்கொட் டிரேவ்ஸ். தற்செயலை அவர் வெட்கமில்லாமல் கலையாக்கினார். 1999இல் அவர் தொடங்கிய எலக்ட்ரிக் ஷீப் திட்டத்தில், உலகம் முழுக்க உள்ள கணினிகள் திரைக்காப்பாக ஓடிக்கொண்டே சுடர்களைக் கணிக்கும், பார்ப்பவர்கள் வாக்களித்தவை அதிக காலம் வாழும், குட்டி போடும். அங்கே கலை என்பது அந்த ஏற்பாடு முழுவதும்.

வரிசையில் மூன்றாவதைக் கிளிக் செய்து பெயர் வைப்பது வேறு. தொடக்கக்காரர் செய்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்கினோம். ஐந்து வருடமாக அதையே செய்பவரிடம் சொல்வேன்.

எல்லாப் படத்துக்கும் "அருமை, அற்புதம்" என்றுதான் சொல்கிறார்கள். விமர்சித்தால் ஏன் கோபம்?

சின்ன உலகம். உங்கள் படத்தை இன்று பாராட்டியவரின் படத்தை நாளை நீங்கள் பாராட்ட வேண்டும். வெளியுலகம் முப்பது வருடமாக "இது கலையில்லை" என்று சொல்லிவந்ததால், உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஊறிவிட்டது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் படங்கள் ஒரே மாதிரி ஆகிவிட்டன. சுருள், நடுவில் வெளிச்சம், ஊதா நிறம், கனவு என்றொரு தலைப்பு.

இந்த விஷயத்தில் நம் ஊர் மேளத்தைப் பார்க்கச் சொல்வேன். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்தவர், 1975இல் மறைந்தார். திருவிழா இரவில் சமா வைத்தால் ஒருவர் வாசித்த கணக்கை மற்றவர் வாங்கி, உடைத்து, கூட்டித் திருப்பிக் கொடுப்பார். விமர்சனம் முழுவதும் தோலில்தான். எனக்கு ஒரு படம் போதாது என்று பட்டால் அதே இடத்தை எடுத்து நான் வேறு விதமாகச் செய்து பக்கத்தில் வைப்பேன். எழுதித் தாக்குவதைவிட அது நன்றாக விளங்குகிறது. ஆட்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் படம் மறந்துபோகும்.

போட்டிகளில் நடுவர்களின் படங்களும் தொங்குகின்றன என்ற குற்றச்சாட்டு?

2006இல் ஸ்பெயினின் மட்ரிட் நகரில் உலகக் கணிதவியலாளர் மாநாடு நடந்தபோது, மண்டல்புரோ பெயரிலான ஃபிராக்டல் ஓவியப் போட்டியில் தேர்வான படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நடுவர் குழுவில் இருந்தவர்களின் படங்களும் கூடவே இருந்தன. அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஒரு பக்கம், உலகத்திலேயே நன்றாகச் செய்பவர்கள் அவர்கள்தான், வேறு யாரை நடுவராக்குவது என்றார்கள். மறுபக்கம், தேர்வெழுதாமலே சித்தியடைவதா என்றார்கள்.

இரண்டாவது பக்கத்தில் நிற்கிறேன். மென்பொருள் எழுதுபவர், பாடம் எடுப்பவர், நடுவர், போட்டியாளர் எல்லோரும் அதே இருபது பேர் என்றால், தள்ளி நிற்க இன்னும் கூடுதலாகக் கவனம் வேண்டும். நடுவராக இருக்கும் வருடத்தில் உங்கள் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த வருடம் எல்லோரும் வந்து பார்ப்போம்.

ஆழமாக ஜூம் செய்வதில் என்ன போட்டி?

சாதாரண இரட்டைத் துல்லிய எண்ணில் பதினைந்து பதினாறு இலக்கத்துக்கு மேல் பிடிக்காது. அதற்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். நீளமான எண்களில் கணிக்கலாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2013இல் கே. ஐ. மார்ட்டின் ஒரு வழியைப் பரவலாக்கினார். ஒரே ஒரு புள்ளியை மட்டும் நீளமான எண்ணில் கணித்து, மற்றவற்றை அதிலிருந்து உள்ள சின்ன வித்தியாசமாகக் கணிப்பது. வேகம் பல மடங்கு கூடியது, ஆழப்போட்டியும் தொடங்கியது. எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆழத்தில் மட்டுமே கிடைக்கும் சமச்சீர்கள் இருக்கின்றன, அவற்றுக்காகப் போனால் சரி.

முப்பரிமாணத்தில் 2009இல் டேனியல் வைட், போல் நைலண்டர் ஆகியோர் மண்டல்புரோ கணத்தைப் போன்ற மண்டல்பல்ப் என்ற உருவத்தைக் கண்டபோது கொஞ்ச நாள் சண்டைகள் ஓய்ந்தன. பல பேர் பகிர்ந்த யோசனைகளில் வளர்ந்த கண்டுபிடிப்பு அது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களை இப்போதும் நினைப்பேன்.

கோலம் ஃபிராக்டலா?

எல்லாக் கோலமும் இல்லை. ஆனால் பொங்கல் கோலம் போடும் அம்மாவுக்கும் நமக்கும் உறவு உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் கூட்டாளிகளும் 1970களில் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதினார்கள். ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் தானே வளரும். நம் சமன்பாடும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே புள்ளியில் தொடங்கி இரண்டு பெண்கள் போட்டால், விதி ஒன்றாக இருந்தும் கோலத்தில் யாருடைய கை என்று தெருவுக்கே தெரியும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களை என்ன செய்வது?

2022இலிருந்து இதுதான் பெரிய பிளவு. "இயந்திரம் செய்தது, இது கலையில்லை" என்று நமக்குச் சொன்னதையே நாம் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்பதில் நான் கவனமாக இருக்கிறேன். என் கேள்வி வேறு. ஃபிராக்டல் கோப்பைக் கேட்டால் காட்டலாம், எங்கிருந்து வந்தது என்று பட்டியலே போடலாம். அந்த இயந்திரங்கள் இலட்சக்கணக்கானவர்களின் படங்களில் பழகியவை, அவர்களிடம் கேட்கவும் இல்லை, பெயரும் இல்லை. ஒடிந்த கை யாருடையது என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை. ஆகவே எங்கள் சுவரில் அவற்றைத் தனியாக, அப்படியென்று எழுதித்தான் மாட்டுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வது கஷ்டமா?

2022 மார்ச்சில் கஷ்டமாக இருந்தது. 24க்கு 36 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், ஏழு கோடியே எழுபத்தேழு இலட்சம் புள்ளிகள். விளிம்பு மென்மையாக வர ஒவ்வொன்றையும் ஒன்பது தடவை கணிக்க வேண்டும். என் மண்டல்பல்ப் ஒன்று பத்தொன்பது மணித்தியாலம் ஓடி, முடிய இரண்டு மணித்தியாலம் இருக்கையில் மின்சாரம் போனது. அந்த நாட்களில் பதின்மூன்று மணித்தியாலம்வரை வெட்டினார்கள். இப்போது படத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சேமித்துக் கணிக்கிறேன். வேறு குறை இல்லை. பழைய மடிக்கணினியே போதும்.

நானும் வரலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு கேற் திறந்திருக்கும். அபோஃபிஸிஸ் இலவசம், மண்டல்பல்புக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றோடு தொடங்கலாம். படத்தை மட்டும் கொண்டு வராதீர்கள், பாராமீட்டர் கோப்பையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள். யாரிடமிருந்தாவது எடுத்ததென்றால் அவருடைய பெயரைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிடுங்கள், திறந்ததும் எல்லோருக்கும் தெரியும்படி.